இரண்டு கட்டை கீழே

மேடை ஏறியதும் ஞானசுந்தரி கீபோர்டைத் தொடமாட்டார். முதலில் செருப்பைக் கழற்றுவார். அப்புறம் பாடப்போகிறவரிடம் வம்பளப்பார். "நாஷ்டா ஆச்சா நைனா? இன்னா சாப்ட்டீங்க?" பதில் சொல்லும் குரலிலேயே அவருக்கு ஏற்ற சுருதியைக் கண்டுபிடித்துவிடுவார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால்தான் மனுஷன் சொந்தக் குரலில் பேசுவான் என்பது அவர் கட்சி.

உத்திரமேரூர் வட்டாரத்தில் ரிசப்ஷன் என்றால் இன்னிசைக் குழு. குழு என்றால் சுந்தரியக்கா. வயது அறுபத்தெட்டு. பன்னிரண்டு வயதில் சர்ச் ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. வலது கை பாட்டோடு போகும். இடது கை நினைத்த பக்கம் போய் ஊர் சுற்றிவிட்டு, நாம் பயப்படும் நேரத்தில் சரியாக வந்து சேரும். ஒரே பாட்டைப் பதினோரு கல்யாணத்தில் கேட்டிருக்கிறேன்; ஒவ்வொரு தடவையும் நடுவில் வேறு வழியாகத்தான் போனார். கேட்டால், "வந்த வயிலயே எத்தினி வாட்டி போவ்றது? பேஜாரா கீது" என்பார். அந்த இடது கைக்காகவே அழைப்பில்லாத கல்யாணங்களுக்கும் போயிருக்கிறேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

"ஒரே ஒரு பாட்டு" என்று மேடை ஏறும் சொந்தக்காரர்கள்தான் குழுக்காரர்களுக்கு எமன். அக்காவுக்கோ அவர்கள்தான் செல்லம்.

போன ஆவணியில் திருமுக்கூடல் தாண்டவராயன், மகள் இளமதியின் ரிசப்ஷனில் மைக்கைப் பிடித்தார். அப்பா பிரமாதமாகப் பாடுவார் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு மாதமாகப் பீற்றிவைத்திருந்தாள் பெண். முன்வரிசை முழுக்கச் சம்பந்திகள். பதற்றத்தில் மனிதர், அக்கா கொடுத்த சுருதியை விட்டுவிட்டு, அதற்கு இரண்டு கட்டை மேலே, நாலு கட்டையில் எடுத்துவிட்டார்; குழுவும் கூடவே ஏறியது. பல்லவி எப்படியோ ஒப்பேறியது. சரணத்தின் உச்சிக்கு அந்தக் குரல் போகாது. அது அவருக்கும் தெரிந்துபோய், நெற்றி வேர்த்தது. இளமதி மாலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இடையிசை எட்டுத் தாளம்தான். அக்கா முப்பது வாசித்தார். பக்கத்தில் கிடார் வாசித்த தினேஷ்குமாருக்குத் தாடையாலேயே சைகை காட்டி, "எறங்குடா" என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு படியாக இறங்கி, இரண்டு கட்டை கீழே பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். முகத்தில் ஒரே சிரிப்பு. தாண்டவராயன் அங்கிருந்து சரணத்தை எடுத்தார். உச்சி தானாக வந்து உட்கார்ந்தது. சம்பந்தி எழுந்து நின்று கைதட்ட, மண்டபமே தட்டியது. இளமதி அழுதுகொண்டே சிரித்தாள்.

பாடி முடித்தவர் நேரே அக்காவிடம் வந்தார்.

"நல்லாத்தான் வாசிச்சீங்கக்கா. நடுவுல மட்டும் கொஞ்சம் தடம் மாறிட்டீங்க. நான் வுட்டுக்குடுக்காம புட்ச்சிக்கினேன்."

தினேஷ்குமார் வாயைத் திறந்தான். அக்கா வெறுங்காலால் அவன் காலை மிதித்தார். பிறகு கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, தாண்டவராயன் முன்னால் தன் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டார்.