மெத்தைமேல் ஏறிய செருப்புக்கால்

தனுஷாவுக்கு முப்பத்தொரு வயது. சீகிரியாப் பக்கம் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை. ஞாயிறு லீவு. அன்றைக்கு விடிந்ததும் பஸ் பிடித்து மாத்தளைக்கு வருவாள். மக்கீன் மாஸ்டரின் ஜூஜிட்சு வகுப்பில் மெத்தைமேல் உருண்டு புரள்வாள். மத்தியானம் அப்பா வீட்டில் சோறு தின்றுவிட்டுப் பின்னேரம் திரும்பிப் போவாள். நாலு வருஷமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

பல்லேகமவில் கட்டிக்கொடுத்த இடத்தில் இரண்டு வருஷம் அடி வாங்கி, உடுத்த துணியோடு வந்தவள் அவள். அந்தப் புருஷன்காரன் பெயரைக் கேட்காதீர்கள். இந்தக் கதையில் அவனுக்குப் பாய் விரிக்க மனமில்லை.

முதல் நாள் வகுப்பில் மாஸ்டர் மல்லாந்து படுக்கச் சொன்னதும் அவள் இரண்டடி பின்னால் போனாள். படுக்காமல் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"தங்கச்சி, இங்க முதுகு கீழ பட்டா தோத்துப்போறதில்ல," என்றார் மாஸ்டர். "மேல இருக்கிறவ இடுப்பக் காலால பூட்டுங்க. இதுதான் கார்ட். பூட்டிட்டா அவளால அடிக்கவும் ஏலாது, எழும்பவும் ஏலாது. அவ பலத்தப் போட்டுத் தள்ளுவா. தள்ளட்டும். எந்தப் பக்கம் சாயிறாளோ அந்தப் பக்கமே பொரட்டிப் போட்டுட்டு நீங்க மேல ஏறுங்க."

"தள்ளாம சும்மா இருந்தா, மாஸ்டர்?"

"மேல ஏறினவ எவ சும்மா இருந்திருக்கா?"

அதற்குத் தனுஷா சிரித்தாள். ஊர் திரும்பிய பிறகு அவள் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று மாஸ்டரின் மனைவி றஹீமா சொல்வாள். கார்ட் அவளுக்கு அப்படிப் பிடித்துப்போனது. மற்றவர்கள் தூக்கி எறியப் பழகினார்கள். இவள் கீழே கிடக்கவே பழகினாள்.

இந்த வருஷம் மாகாணத் தெரிவுப் போட்டி மாத்தளையிலேயே வந்தது. கடைசிச் சண்டையில் வெல்கிறவள் தேசிய அணிக்குப் போவாள். அடுத்த வருஷம் தனுஷாவுக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் இனி இல்லை.

அப்பா பழனிமுத்து மிளகுக் கடையில் மூட்டை தூக்குகிறவர். என்ன பழகுகிறாள் என்று அவருக்கு அவள் விளக்கிச் சொன்னதேயில்லை. பொம்பளைப் பிள்ளை மல்லாந்து கிடந்து சண்டை பிடிப்பதை எந்த வாயால் அப்பனிடம் சொல்வது? "எக்சசைஸ்" என்றே சொல்லிவந்தாள். போட்டியன்றைக்கு மட்டும் வாய் சும்மா இருக்காமல், "நீங்களும் வாங்கப்பா" என்றுவிட்டாள். மனிதர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

கடைசிச் சண்டை ஒரு கண்டிப் பெண்ணோடு. தோள் அகலமான பிள்ளை. தொடங்கிய வேகத்திலேயே தனுஷாவைச் சாய்த்து, கால்களைக் கடந்து, பக்கவாட்டில் அமுக்கி ஐந்து புள்ளி எடுத்துவிட்டாள். பழனிமுத்துவுக்குப் பக்கத்தில் இருந்தவன் சும்மா இருந்தானா?

"அண்ணே, ஒங்க மக முதுகு மண்ணப் பாத்திருச்சே! முடிஞ்சிச்சு கத!"

திருவிழாக் குஸ்தி பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதுதானே கணக்கு.

தனுஷா பதறவில்லை. இடுப்பைக் கொஞ்சம் நழுவவிட்டாள். கிடைத்த இடுக்கில் முழங்காலை நுழைத்தாள். இன்னொரு நழுவல்; இரண்டு காலும் கண்டிப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டன. இனி புரட்டி மேலே உட்கார்ந்தால் ஆறு புள்ளி. நாற்பது வினாடி மிச்சம் இருந்தது. மேலே இருந்தவள் முழங்கையால் கழுத்தை அமுக்கினாள். தனுஷா சட்டைக் கையையும் கழுத்துப்பட்டையையும் பற்றிக்கொண்டு கண்ணை மூடினாள். பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்பால் கேட்கிறவளுக்குக் கண் எதற்கு?

பாரம் இடப்பக்கம் சாய்ந்தது. பூட்டைத் திறந்தாள். ஒரு காலை எதிரியின் வயிற்றுக்குக் குறுக்கே வைத்து, மற்றக் காலைத் தரையோடு விட்டு, கத்தரிக்கோல் வெட்டுவதுபோல் அசைத்தாள். கண்டிப் பெண் கவிழத் தொடங்கினாள்.

அப்போது மேலே இருந்த பாரம் திடீரென்று காணாமல் போனது.

கண்ணைத் திறந்தால், செருப்புக்காலோடு மெத்தைமேல் அப்பா. கண்டிப் பெண்ணின் காலரைப் பிடித்து மூட்டையைப்போல் இழுத்து எறிந்திருந்தார். "விடுடீ எம்புள்ளய! விடு!"

ரெஃபரி கையைத் தூக்கினார். வெளியாள் மெத்தையில் ஏறினால் அந்தப் பக்கத்துக்குத் தோல்வி. மாஸ்டர் போய்க் கெஞ்சிப் பார்த்தார். கண்டிப் பெண்கூட, "பாவம், அந்த அக்காதான் வென்றிருப்பா" என்று சிங்களத்தில் சொன்னாள். சட்டம் சட்டம்தான் என்றார்கள்.

வெளியே மரத்தடியில் பழனிமுத்து பிளேன் டீ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"குடி புள்ள."

"நான் ஜெயிச்சிருப்பேன்ப்பா. இன்னும் ஒரு நொடி."

"எனக்கு என்னத்தத் தெரியும்? நீ கண்ண மூடிக்கிட்டு அசையாம கெடந்தியே. அன்னைக்கி பல்லேகமயிலயும் இப்பிடித்தானே கண்ண மூடிக்கிட்டு..."

சொல்லி முடிக்கவில்லை. வாயிலிருந்து விழுந்தது விழுந்துவிட்டது.

"நீங்க எப்பப்பா பாத்தீங்க?"

அவர் டீயைப் பார்த்தார்.

"பொங்கச் சீர் கொண்டுவந்தேன். ஜன்னலு தொறந்திருந்திச்சி. ஒம் மேல ஏறி உக்காந்து அடிச்சிக்கிட்டிருந்தான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள நாம கைய வைக்கக்கூடாதுன்னு... சீர வாசல்ல வச்சிட்டு வந்துட்டேன்."

வாசலில் இருந்த அந்தப் பையை, யாரோ பஸ்காரனிடம் அப்பா கொடுத்தனுப்பினார் என்றுதான் தனுஷா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அப்பாவுக்கு மட்டும் தெரிந்திருந்தால் ஓடி வந்திருப்பார் என்றும் நினைத்திருந்தாள். அந்தப் பொங்கலுக்குப் பிறகும் ஒன்றரை வருஷம் அங்கே அடி வாங்கியிருக்கிறாள்.

"இன்னைக்கி மட்டும் ஏம்ப்பா வந்தீங்க?" என்று கேட்டாள்.

தன் உடுப்புப் பையைத் தூக்கினாள். அவர் வாங்கக் கை நீட்டினார், கொடுக்கவில்லை. சீகிரியா பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

வயசான மனுஷன், பாசத்தில் ஓடினார், மன்னித்துவிடு என்று அவளுக்குப் புத்தி சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பாசத்தில்தான் ஓடினார், இல்லையென்று யார் சொன்னது? மன்னிக்கச் சொல்லும் வேலைக்கு மட்டும் வேறு ஆளைப் பாருங்கள்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் மாத்தளைக்கு வருகிறாள். புதிதாக வருகிற பெண்களுக்குக் கார்ட் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாண்ட் கடையில் இரண்டு ரொட்டி தின்றுவிட்டு நேரே சீகிரியா பஸ் ஏறுகிறாள். அப்பா வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை.