கண்ணாடியைப் பார்த்து வரைந்த நட்சத்திரம்

அறுபதுகளின் தொடக்கத்தில், கோவையில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றபோது நடந்தது இது. உளவியல் செய்முறை வகுப்பில் எங்களை இருவர் இருவராகப் பிரித்திருந்தார்கள். எனக்கு இணையாக வாய்த்தவள் தாராபுரத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது இளையவள். பட்டப்படிப்பில் முதலிடம் பெற்று வந்தவள் நான். ஆனால் அந்த வகுப்பில் பெயர் வாங்கியவள் அவள்தான்.

தாளில் இரட்டைக் கோடுகளால் ஒரு நட்சத்திரம் அச்சிட்டிருக்கும். வரையும் கையை ஒரு பலகை மறைத்திருக்கும். எதிரேயுள்ள கண்ணாடியை மட்டும் பார்த்து, இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்டிச் சுற்றி வரவேண்டும். கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரிவதால் கை எதிர்ப்பக்கம் இழுக்கும், எரிச்சல் மூளும். அந்த எரிச்சலை ஒருவர் எவ்வாறு அடக்கி ஆள்கிறார் என்பதே ஆராய்ச்சி. என் நட்சத்திரம் கோழி கிளறிய குப்பைபோல் இருந்தது. அவளுடையதை விரிவுரையாளர் அம்மையார் சுவரில் ஒட்டி, "மனசு அடங்குனாத்தானுங்க கை அடங்கும். இந்தப் புள்ளையப் பாருங்க" என்றார். அன்றுமுதல் அவளுடைய நடை, சிரிப்பு, விடுதிச் சாப்பாட்டைக் குறை கூறாமல் உண்ணும் பாங்கு, எல்லாமே என்னை உறுத்தின.

"உனக்கென்ன அம்மணி, கவலையில்லாத மவராசி" என்று ஒருநாள் குத்தினேன். சிரித்தாள். கவலை இருப்பது எனக்குத் தெரியும். அவள் தந்தை மார்புநோயால் மருத்துவமனையில் கிடந்தார். விடுதி வாசலில் தந்திக்காரரைக் கண்டால் அவள் முகம் வெளுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

இறுதிச் சோதனையில், வரைபவருக்கு இடையூறு செய்யவேண்டும். கை தட்டலாம், வேறொன்றும் கூடாது. நேரம் குறிக்கும் கடிகாரத்துடன் அவளருகே நின்று கை தட்டினேன். கோடு அசையவில்லை. பொறுக்க முடியாமல் சொன்னேன்:

"உனக்குத் தந்தி வந்திருக்குதாம்."

பென்சில் நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல நகர்ந்தது. நேரம் கழிவதைக் கண்டு மகிழ்ந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். கடைசி முனையைச் சேர்த்தபின் பென்சிலை வைத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்கக்கா, தந்தி எங்கீங்க?"

"பொய் சொல்லிப்போட்டேன், அம்மணி. ஒண்ணும் வரலை."

"பொய்தானுங்களே? நெசமாலுமே பொய்தானுங்களே?" என் கையைப் பற்றிக்கொண்டு அழுதபடியே சிரித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அம்மையார் வந்து தாளைப் பார்த்தார். ஒரு பிழையும் இல்லை. நேரம் மட்டும் வழக்கத்தைவிட மும்மடங்கு.

"ஏன் கண்ணு இத்தன நேரம்?"

"இன்னைக்குக் கை வரலீங்க, டீச்சர்."

என்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெருந்தன்மையின் மீதும் எனக்குப் பொறாமைதான் எழுந்தது. ஆனாலும் தாளை வாங்கிக் குறுக்கே கோடிட்டு, 'இடையூறு விதிக்கு மாறானது. தவறு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்தேன். அம்மையார் படித்தார். அதன்பின் கடிகாரத்தை அவர் என்னிடம் தரவே இல்லை.

மாலை விடுதிக்கு நடக்கையில், உடனே எழுந்து ஓடாமல் ஏன் அவ்வளவு மெதுவாக வரைந்தாள் என்று கேட்டேன்.

"முடிச்சுட்டாத் தந்தியப் பாக்கோணுமுங்களே, அக்கா. அது வரைக்கும் எங்கப்பா இருக்கறாருன்னு வெச்சுக்கிட்டேனுங்க."

கலங்காத முகம் ஒன்றைக் கண்டால் இன்றும் எனக்குப் பொறாமை வருகிறது. ஆனால் அந்த முகத்துக்குப் பின்னே எந்தக் கோட்டை முடிக்க அஞ்சி ஒரு கை மெல்ல நகர்கிறதோ என்ற எண்ணமும் உடனே வந்து, என் நாவைக் கட்டிப்போடுகிறது.