கேமிங் போனை நம்பாதவர்கள்

செல்போன் கடைக்காரி வாயைத் திறந்தால் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்பார்கள். மூடிக்கொண்டிருந்தால் எதையோ மறைக்கிறாள் என்பார்கள். பழவேற்காடு பஜாரில் கடை நடத்தும் எனக்கு, கேமிங் போன் வந்த பிறகு இந்த அவஸ்தை இரட்டிப்பாகிவிட்டது. ஏதாவதொரு கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

விசிறி

கோட்டைக்குப்பத்து வேலு கடலுக்குப் போகிறவர். ஹேங் ஆகாத போனாக வேண்டும் என்று வந்தார். இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று பெரிய கம்பெனியின் உசத்தியான மாடல். கேமரா பிரமாதம், தண்ணீர் பட்டாலும் தாங்கும். இன்னொன்று, விளையாடுவதற்கென்றே செய்த கேமிங் போன். சார்ஜ் நிற்கும், வேகம் அதிகம், ஆனால் தண்ணீர் ஆகாது. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

மச்சானிடம் போனில் கேட்டுவிட்டு, கேமிங் போனையே எடுத்துக்கொண்டார். பெட்டிக்குள் சின்ன விசிறி ஒன்று இருந்தது. ரொம்ப நேரம் விளையாடினால் சூடாகும், அப்போது முதுகில் மாட்டிக்கொள்ளலாம் என்றேன். விசிறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"நல்ல போனுக்கு இன்னாத்துக்குக்கா விசிறி? கொடுக்கும்போதே ஜுரத்தோட கொடுக்கறியா?"

நீல வெளிச்சம்

அடுத்த வாரம் வேலுவின் மனைவி செல்வி தனியாக வந்தாள். கடலிலிருந்து வந்து அவர் தூங்கும் நேரம் பார்த்து போனை எடுத்து வந்திருந்தாள். யார் கூப்பிட்டாலும் அதன் முதுகில் சிவப்பு விளக்கு ஓடுகிறதாம். ஒரு நம்பருக்கு மட்டும் நீலம். அந்த நம்பரின் பெயர் 'ஐஸ்'. ஐஸ்வர்யாவாக இருக்குமோ என்று அவளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

இதில் தலையிடுவது எனக்கு வேண்டாத வேலை. ஆனால் அவளைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஸ்பீக்கரில் போட்டு அந்த நம்பருக்கு அடித்தோம். கரகரத்த ஆண் குரல் ஒன்று, இன்றைக்கு ஐஸ் பார் இல்லை, நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டு வைத்தது. செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"ஐஸ் கம்பெனிக்காரனுக்கு நீலக் கலரு காட்டத்தான் இம்மாம் வெலையா?"

நண்டு

தோணிரேவு மேரி அக்கா நண்டு வாங்கி விற்கிறவர். போட்டோ அனுப்பித்தான் சென்னை ஓட்டல்காரரிடம் ஆர்டர் பிடிப்பார். இருப்பதிலேயே வேகமானது என்று மருமகன் ஒரு கேமிங் போன் வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் ஷெட்டில் வெளிச்சம் குறைவு. அந்தப் போனில் எடுத்த நண்டெல்லாம் சாம்பல் பூத்துத் தெரிய, செத்த நண்டு வேண்டாம் என்று ஓட்டல்காரர் சொல்லிவிட்டார். அன்றைய சரக்கு அப்படியே நின்றுபோனது.

அக்கா கால் கட்டிய நண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கவுன்ட்டர்மேல் வைத்தார். தன் ஷெட்டைப் போல இருட்டாக்க, கடை ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். அவர் போனிலும், கடையில் இருந்த உசத்தி மாடலிலும் எடுத்துக் காட்டினேன். உசத்தி மாடலில் நண்டு பச்சையும் பழுப்புமாக, இப்போதுதான் சேற்றிலிருந்து வந்தது போல இருந்தது. கேமிங் போனில் காசெல்லாம் வேகத்துக்குப் போய்விடுகிறது, கேமராவுக்கு மிச்சமில்லை என்று விளக்கினேன். அவர் நண்டையும் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விக்கிற போனுக்கு மட்டும் மேக்கப் போட்டு வெச்சிகினு கீறியா?"

முகத்துவாரம்

பனி மூடிய ஒரு காலையில் வேலுவும் மச்சான் சேகரும் போன படகின் இன்ஜின் கடலில் நின்றுபோனது. கரை தெரியவில்லை. சேகரிடம் இருந்தது அந்த உசத்தி மாடல். வழியெல்லாம் பாட்டுக் கேட்டதில் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. வேலுவின் கேமிங் போனில் பாதிக்குமேல் சார்ஜ் இருந்தது. மேப்பைப் பார்த்து, இருக்கும் இடத்தை இன்னொரு படகுக்காரருக்குச் சொன்னார். அவர்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள்.

முகத்துவாரத்தில் அலை தூக்கி அடித்தது. பேசுவதற்காகப் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்த போன் வேலு கையிலிருந்து நழுவி, படகுக்குள் நின்ற தண்ணீரில் விழுந்தது. சேகரின் போனும் நனைந்தது. கரையில் செல்வி இரண்டு பேரையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம். வீட்டில் காயவைத்து சார்ஜ் போட்டபோது சேகரின் போன் எழுந்துகொண்டது.

மறுநாள் இருவரும் கடைக்கு வந்தார்கள். வேலுவின் போனைத் திறந்து பார்த்தேன், போர்டு போயிருந்தது. அந்த மாடலுக்கு ஸ்பேர் விசாரித்த இடத்திலெல்லாம் இல்லை என்றார்கள். அதைச் சொல்ல எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவரையும் மச்சானையும் கரைசேர்த்த போன் அது. அவர் கோபப்படவில்லை. அடுத்து எதை எடுக்கலாம் என்று பார்க்க, பழையபடி இரண்டு போன்களையும் எதிரே வைக்கச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணு கரைக்கு வர்ற வரிக்கும் உசிரோட இருந்துச்சி, இன்னொண்ணுக்குக் கரைக்கு வந்தப்புறம்தான் உசிரு வந்துச்சி. ரெண்டு வேலையும் செய்யறதா ஒண்ணு கொடுக்கா, வெலைய மட்டும் ஒரு போனுக்குச் சொல்லு."

அப்படியொரு போன் இன்னும் என் கடைக்கு வரவில்லை; வந்தால், இதில் எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று முதலில் சந்தேகப்படப்போவது நான்தான்.