கோழிக்குக் கிடைக்கிற வெளிச்சம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் “படத்துல கேமரா சூப்பருங்க” என்று சொன்னால் அதற்கு நான்கு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும். கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளை டிரோன் வைத்து மேலேயிருந்து காட்டியிருப்பார்கள். அல்லது மழைத்துளி மெதுவாக விழுந்திருக்கும். அல்லது கதாநாயகியின் காதுக்குப் பின்னால் சூரியன் இறங்கியிருக்கும். இந்த மூன்றும் இல்லை என்றால், சொல்கிறவர் படத்தையே பார்க்கவில்லை. யூடியூபில் யாரோ பேசியதைப் பார்த்திருக்கிறார்.

அந்த யூடியூப் ஆட்களுக்கு ஒரே ஒரு வாக்கியம் தெரியும். “ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம்.” ஓவியம் வேண்டுமென்றால் மளிகைக் கடையில் காலண்டர் தருகிறார்கள், வாங்கி மாட்டிக்கொள்ளலாம். என் போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். ஒருவன் கடிதம் படிக்கும்போது அவனைக் காட்டாமல் எதிரே உட்கார்ந்திருந்தவள் முகத்திலேயே நின்ற ஷாட். பேருந்து கிளம்பியபோது கூடவே ஓடாமல் நிறுத்தத்திலேயே தங்கிவிட்ட ஷாட். இப்படி நாற்பத்தொன்று. கேமரா எங்கே போனது என்பதைவிட, போகாமல் எங்கே இருந்தது என்பதைத்தான் அதில் அதிகம் குறித்திருக்கிறேன். இந்தப் பட்டியலை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கேட்டவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, “நம்ம கல்யாண வீடியோவுல டிரோன் மண்டபத்து மேல மூணு சுத்து சுத்துதுங்க, பாத்தீங்களா?” என்றார்.

பட்டியலில் நாற்பத்திரண்டாவதாக எழுத வேண்டிய ஷாட்டை எடுத்த குழுவில் என் அண்ணன் இருந்தான்.

அவன் ஃபோகஸ் புல்லர். நடிகர் முன்னும் பின்னும் நகரும்போது, கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, லென்ஸின் வளையத்தை அதற்கேற்ற அளவு திருப்பி, முகம் மங்காமல் பார்த்துக்கொள்கிற வேலை. சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. அரை அங்குலம் தவறினால் எல்லோருக்கும் தெரியும். இந்த வேலைக்காக அவன் இரண்டாம் வருடத்தில் இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு சென்னைக்குப் போனான். அதிலிருந்து ஐந்து வருடமாக அப்பா அவனிடம் போனில் இரண்டே கேள்விகள் கேட்டார். சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா. போன பொங்கலுக்கு வந்தபோதுதான் மூன்றாவதாக ஒன்று சொன்னார். “நீ பண்ணுன படம் ஒண்ணு வரட்டும். கண்ணால பாத்துட்டுச் சொல்றேன், இருக்கறதா வாரதான்னு.” அண்ணன் ஒப்புக்கொண்டான். அப்பா வேண்டாம் என்றால் திரும்பி வந்து தோட்டத்தைப் பார்ப்பது என்று பேச்சு. எருமப்பட்டி பக்கம் எங்களுக்குச் சின்ன வெங்காயமும், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளியும் போடுகிற காடு இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது.

படம் வந்தது. நாமக்கல்லைச் சுற்றி ஒரே ஒரு தியேட்டரில், ஒரே ஒரு வாரம். எந்த ஊர்த் தியேட்டர் என்று சொல்லப் போவதில்லை. மற்ற தியேட்டர்கள் தங்களைச் சொன்னதாக நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு அப்பா, அம்மா, பெரியப்பா, நான் நான்கு பேரும் போனோம். அண்ணன் சொல்லியிருந்த ஷாட் இடைவேளைக்குப் பிறகு வருகிறது. அந்தி நேரம். தூரத்தில் கிணற்று மேட்டிலிருந்து ஒரு ஆள் கிளம்பி, வரப்பு வழியே கேமராவை நோக்கி நடந்து வருகிறான். நடுவில் வெட்டே இல்லை. கடுகளவு தெரிகிறவன் நெருங்கி நெருங்கி, கடைசியில் திரை முழுக்க அவன் கண் மட்டும் இருக்க வேண்டும். விளக்கு எதுவும் வைக்காமல், மூன்று நாள் சாயங்காலம், நாளுக்குக் கால் மணி நேர வெளிச்சத்தில் எடுத்ததாம். அந்த நடை முழுக்க அண்ணன் கையில்.

நாங்கள் பார்த்தது ஒரு சாம்பல் நிறப் போர்வை. அதற்குள் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. ‘வெளியே’ என்று எழுதிய பச்சை விளக்கில் என் கைரேகை தெரிந்தது. திரை வெளிச்சத்தில் கையே தெரியவில்லை.

“ஏந் தம்பி, கரண்டு போயிருச்சா?” என்று பெரியப்பா அப்பாவிடம் கேட்டார். அவர் குரலுக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. முன் வரிசையில் சிரித்தார்கள். அது போதாதா அவருக்கு? “அஞ்சு வருசமா பையன் இதத்தான் புடிச்சானாக்கு? நம்ம மோட்டார் ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா இத ஓசியிலயே பாக்கலாமே.”

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே அப்பா என்னிடம் சொன்னார்: “அவன வரச் சொல்லீரு. பாத்தாச்சு.”

அன்று சாயங்காலமே அண்ணன் கூப்பிட்டான். “அப்பா பாத்துட்டாரா?” “இன்னும் இல்ல” என்றேன். திங்களும் அதையே சொன்னேன், செவ்வாயும் அதையே. வெள்ளிக்கிழமை படம் மாறிவிடும். ஆக, கோளாறு படத்திலா தியேட்டரிலா என்று பார்க்க எனக்கு வியாழன் வரை நேரம் இருந்தது.

நான் எலக்ட்ரிகல் படித்தவள். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு விளக்கும் டைமரும் பொருத்திக் கொடுக்கிற கம்பெனியில் வேலை. கோழி முட்டையிடுவது அதன் மேல் படுகிற வெளிச்சத்தைப் பொறுத்தது. குறைந்தால் முட்டை குறையும், கூடினால் ஒன்றையொன்று கொத்தும். அதனால் வெளிச்சத்தை அளக்கிற லக்ஸ் மீட்டர் எப்போதும் என் பையில் இருக்கும். அந்தத் தியேட்டர் முதலாளிக்கு நான்கு ஷெட் கோழிகள் உண்டு. நான்கும் நான் பொருத்திய டைமர்கள். விளக்கு இரண்டு நிமிடம் தாமதமாக எரிந்தால் காலை ஆறு மணிக்கு எனக்குப் போன் வரும்.

புதன்கிழமை மதியம் நேராகத் தியேட்டர் அலுவலகத்துக்குப் போனேன்.

“வாங்க அம்மிணி, நானே கூப்புடோணும்னு இருந்தேன். நாலாம் நம்பர் ஷெட்டுல ஓரத்து வரிசைக்கு வெளிச்சம் கம்மியாத் தெரியுதுங்க.”

“பாக்கறனுங்கய்யா. அதுக்கு முன்னால, உங்க தியேட்டர்ல வெளிச்சம் கம்மியா இருக்குதுங்க.”

“தியேட்டர்னா இருட்டாத்தான இருக்கோணும்?”

இதைச் சொன்ன மனிதர் கோழித் தீவனத் தொட்டிக்கு மேலே எத்தனை லக்ஸ் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நான் வாதம் பண்ணவில்லை. திரையில் வெறும் வெள்ளையைப் போடச் சொல்லிவிட்டு, மேடையேறி, மீட்டரைப் புரொஜெக்டர் பக்கம் திருப்பிப் பிடித்தேன். ஒழுங்கான தியேட்டரில் நூற்றைம்பதை ஒட்டி வர வேண்டும். முப்பத்தெட்டு வந்தது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார்.

“கோழிக்குப் போதுங்க,” என்றார்.

“கோழி உள்ள வாரதில்லீங்களே.”

“அம்மிணி, ஜனம் ஒருத்தரும் கம்ப்ளெயிண்ட் பண்ணலியே.”

“கோழியுந்தான் கம்ப்ளெயிண்ட் பண்றதில்லீங்க. முட்டை கொறையுது, அப்பத்தான தெரியுது? மத்தியானக் காட்சிக்கு எத்தன பேருங்க வாராங்க?”

அவர் மேலே புரொஜெக்டர் அறைக்கு ஏறினார். அது எனக்குப் போதுமான பதில்.

ஆப்பரேட்டர் சுருள் படம் ஓட்டிய காலத்திலிருந்து அங்கே இருப்பவர். இப்போது அவர் வேலை ஒரு பொத்தானை அமுக்குவதும், டீ குடிக்கப் போவதும். பல்பு நீண்ட நாள் வர வேண்டும் என்று மின்சாரத்தைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தி வைத்திருந்தார். இதை நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது, புரொஜெக்டருக்கும் அரங்குக்கும் நடுவே சுவரில் இருக்கிற கண்ணாடி. ஒளி அதன் வழியாகத்தான் திரைக்குப் போக வேண்டும். அதன் நட்டநடுவில், உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்தின் மேல் குங்குமம். வருடா வருடம் ஆயுத பூஜைக்குப் பழையதன் மேலேயே புதியதை அப்பி, காய்ந்து, வெடித்து, பல்லிக்குஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

“இதை எதுக்குங்க இங்க வெச்சீங்க?”

“லென்ஸுல வெக்கப்படாதுன்னு கம்பெனிக்காரன் கண்டிசனாச் சொல்லிப்போட்டான் சாமி. அதான் பக்கத்துல இருந்த கண்ணாடியில வெச்சேன்.”

கம்பெனிக்காரர் சொன்னதை அவர் எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்திருக்கிறார். லென்ஸ் சுத்தமாக இருந்தது. பொட்டு லென்ஸுக்கு அவ்வளவு அருகில் இருந்ததால் திரையில் பொட்டாக விழவில்லை. ஒளியில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைக் கலங்கலாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. கறுப்பெல்லாம் சாம்பலாக. இத்தனை வருடமாக இந்த ஊர் பார்த்த படங்களில் எத்தனை ஒளிப்பதிவாளர்களின் உழைப்பு இந்தச் சந்தனத்தில் போய் முட்டியிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன்.

ஈரத் துணி கேட்டேன். ஆப்பரேட்டர் கையைக் கட்டிக்கொண்டார். “சாமிக்கு வெச்சத அழிக்கறதா?” முதலாளியும் தயங்கினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: “ராகுகாலம் முடியட்டும். ஒண்ணரைக்கு மேல தொடைச்சுக்கலாம். பொட்டை மரச் சட்டத்துல வெச்சுரு.” ஆக, ஒளியியலில் எல்லாம் தயாராக இருந்தும் மூன்று பேரும் ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்தோம். ஆப்பரேட்டர் எனக்கு டீ வாங்கி வந்தார். அதைக் குறை சொல்ல முடியாது, நல்ல டீ.

துடைத்து, மின்சாரத்தை ஏற்றியதும் நூற்றுப் பத்து வந்தது. அதற்கு மேல் வராது, பல்புக்கு வயதாகிவிட்டது. மறுநாள் முதலாளி வாசலில் ‘புதுப் பொலிவுடன்’ என்று பலகை வைத்துவிட்டார். புதிதாக வந்தது ஒரு ஈரத் துணி.

இனி அப்பாவை அழைத்துப்போக வேண்டும். வியாழக்கிழமை மத்தியானம் அவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

“சாயந்தரம் அந்தப் படத்துக்குப் போலாமுங்கப்பா.”

“அதான் பாத்தாச்சே.”

“பாக்கலீங்கப்பா. நம்ம ஒருத்தருமே பாக்கல. தியேட்டர்ல வெளிச்சம் கால் பங்குதான் இருந்துச்சுங்க.”

மண்வெட்டியை நிறுத்தினார். “அளந்தயா?”

“அளந்தனுங்க. முப்பத்தெட்டு. இப்ப நூத்திப் பத்து.”

எண் சொன்னால் அப்பா கேட்பார். பெரியப்பாவையும் கூப்பிட்டோம். “நாம் பாத்த இருட்டே போதும், நீங்க போங்க” என்றுவிட்டார். அடுத்த நாளிலிருந்து, படத்தை இரண்டு முறை பார்த்தவரைப் போல அதைப் பற்றி ஊரெல்லாம் பேசினார் என்பது வேறு விஷயம்.

அரங்கில் இருபது பேருக்கு மேல் இல்லை. கிணற்று மேடு வந்தது. வானத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கிற நீலம், வரப்பின் இரண்டு பக்கமும் பாத்தியில் நிற்கிற தண்ணீர், அதில் அந்த ஆளின் நிழல். அவன் நடந்து வந்தான். அவன் முகம் வரும் வழியெல்லாம் ஓர் இடத்திலும் மங்கவில்லை. கண் இமையின் மயிர் தனித்தனியாகத் தெரிகிற வரை வந்து நின்றான். பின்னால் ஒரு பையன் போனைத் தட்டிக்கொண்டே “லேக்” என்று சொன்னான். சினிமாவில் எதுவும் வேகமாக ஓடாவிட்டால் இப்போது அதற்குப் பெயர் அதுதான்.

அப்பா என் பக்கம் குனிந்தார். “இதுல அவன் வேலை எது?”

“அந்த ஆளு அவ்வளவு தூரம் வந்தும் கண்ணு தெளிவா இருக்குதில்லீங்க. அதுதானுங்க.”

“அது மங்கிப் போயிருந்தா?”

“மூணு நாளும் வீணுங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கிய இரண்டாவது நொடியில் ஆப்பரேட்டர் விளக்கைப் போட்டுத் திரையை அணைத்தார். பெயர்கள் முடிகிற வரை அணைக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். டீ நேரம் வந்துவிட்டதுபோல. அண்ணன் பெயரை அப்பா பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்ததும் அப்பா “அவனக் கூப்புடு” என்றார். ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் “சொல்லுங்கப்பா” என்றான்.

“அந்தப் படத்துல கெணத்து மேட்டுல இருந்து ஒருத்தன் நடந்து வாரானே.”

“ஆமாங்கப்பா.”

“தண்ணி கட்டுன வரப்பு அது. ஈர வரப்புல எவன்டா செருப்போட அப்பிடி நேரா நடப்பான்? வழுக்கி உழுந்திருவானில்ல? பெருவெரல ஊணித்தான் நடக்கோணும்.”

அண்ணன் மெதுவாகக் கேட்டான். “செருப்பு தெரிஞ்சுதுங்களா?”

“தெரியாம? வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது வரைக்கும் தெரியுது.”

“அவரு பெரிய நடிகருங்கப்பா. செருப்பக் கழட்ட மாட்டேன்னுட்டாரு.”

“நீ பக்கத்துலதான நின்ன? சொல்ல வேண்டீதுதான?”

“நான் சொல்ற எடத்துல இல்லீங்க. அது கேமராமேன் சொல்லோணும்.”

“நீ எப்ப அந்த எடத்துக்கு வருவ?”

“இன்னும் நாலஞ்சு படம் ஆகுமுங்க.”

அப்பா முழங்காலை நீவிக்கொண்டார். “ஆகட்டும்,” என்றார். “அப்பக் கழட்டச் சொல்லு.”