ஆரவாரமும் ஒரு துப்பட்டா முடிச்சும்

நாங்கள் குடிவந்திருக்கும் இந்த வெள்ளைக்கார ஊரில், ஜனங்கள் ஆட்டமே இல்லாத நாளில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கால்பந்து மைதானத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். காலி நாற்காலிகள், மிதிக்கக் கூடாத புல், நூறு வருஷத்துக்கு முந்தைய செங்கல் சுவர். அதையெல்லாம் காட்டுவதற்கு ஒரு வழிகாட்டி வேறு. ஊரில், ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பியிடம் போனில் சொன்னேன். "இன்னாக்கா சொல்ற, மேட்ச் இல்லாத கிரவுண்டுல இன்னாத்த பாப்ப?" என்று சிரித்தான். எனக்கோ அதுதான் நிம்மதி. கூட்டம் இருக்காது என்ற தைரியத்தில்தான், ஏழு வயது மகள் நிலா கேட்டதும் சரி என்றேன்.

கூட்டம் என்றால் எனக்குப் பயம். உள்ளங்கை வேர்த்து, காது அடைத்துக்கொள்ளும் பயம். தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்குப் பெரிய தலைவர் வருகிறார் என்று எங்கள் பென்னலூரே கிளம்பியது. எனக்கு ஒன்பது வயது. காஞ்சிபுரம் கருடசேவைக்குப் போனால் செய்வதுபோலவே அம்மா தன் முந்தானை நுனியை என் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டிருந்தாள். "இத்த அவுத்தினா தோல உரிச்சிடுவேன்" என்றாள். குண்டு வெடித்த சத்தத்தைவிட, அதற்கு முன்னால் எழுந்த ஆரவாரம்தான் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜனங்கள் சந்தோஷமாகத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்புறம் எல்லோரும் ஓடினார்கள். நான் விழுந்தேன். அம்மா திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, ஓடினாள். முடிச்சுதான் என்னை இழுத்துக்கொண்டு போனது. அது அவிழ்ந்திருந்தால் மிதிபட்டே செத்திருப்பேன்.

மைதானத்தில் எங்களைக் கூட்டிப்போனவர் கழுத்தில் டை கட்டிய, தலை நரைத்த பெண்மணி. உடை மாற்றும் அறையைக் காட்டிவிட்டு, வீரர்கள் புல்தரைக்கு வரும் டனலுக்குள் எங்களை நிறுத்தினார். குறுகலான, இருட்டுக் கட்டிய வழி. ஏதோ வேகமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். புரியாவிட்டால் எப்போதும் செய்வதுபோல நானும் தலையாட்டி வைத்தேன். அவர் சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினார். ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாகக் கத்தும் சத்தம் ஸ்பீக்கர்களிலிருந்து எங்கள்மேல் வந்து விழுந்தது.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. சத்தம் நின்றபோது என் துப்பட்டா நிலாவின் மணிக்கட்டில் இரட்டை முடிச்சாக இறுகியிருந்தது. அவள் கை சிவந்திருந்தது. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். வழிகாட்டி முழங்கால் போட்டு உட்கார்ந்து, என்னை விட்டுவிட்டு, நிலாவிடம் மெதுவாக ஏதோ கேட்டார். 'சேஃப்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. பத்திரமாக இருக்கிறாயா என்று கேட்கிறார். பிள்ளையை அடித்தாலே அரசாங்கம் கொண்டுபோய்விடும் என்று இங்குள்ள தமிழ்க் கடையில் நின்று பேசிக்கொள்வோம். கட்டிப்போட்டால் கேட்கவா வேண்டும்? "நோ பிராப்ளம். ஆவர் கஸ்டம்" என்றேன். வழிகாட்டியின் முகம் இன்னும் இறுகியது. பிள்ளையைக் கட்டிவைப்பது எங்கள் வழக்கம் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். இனி எந்த வார்த்தை பேசினாலும் வம்புதான்.

நிலாதான் பேசினாள். "மம் இஸ் ஸ்கேர்ட். ஐ ஆம் ஹோல்டிங் ஹெர்." அம்மாவுக்குப் பயம், நான்தான் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். அந்தத் தேர்தல் கூட்டத்தைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரயிலிலும் சந்தையிலும் என் கையைப் பிடித்தே தெரிந்துகொண்டிருக்கிறாள் போலும். எனக்கு அழுகை வந்துவிட்டது. வழிகாட்டி எழுந்து, "சாரி, லவ்" என்று, இங்கே எல்லோரையும் செல்லமாகக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, என் தோளைத் தொட்டார்.

நானே முடிச்சை அவிழ்த்தேன். மறுபடி சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று அவர் சைகையில் கேட்டார். நிலா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஆசை, முகத்திலேயே தெரிந்தது. போடுங்கள் என்று தலையாட்டினேன்.

ஆரவாரம் மறுபடி எழுந்தது. அத்தனை பேரும் தனக்காகவே கத்துவதுபோல நிலா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெயிலுக்குள் ஓடினாள். புல்தரை ஓரத்தில் நின்று திரும்பினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாம்மா, ஒண்ணியும் இல்ல" என்று அங்கிருந்து பென்னலூர்த் தமிழில் கூப்பிட்டாள்.

"நீ வாடி இங்க" என்றேன்.

இரண்டு பேரும் நகரவில்லை.