இறுகிப்போன லாச்சி

வறண்ட கச்சான் காற்று வீசிய மாதத்தில், என் கணவர் வீட்டுப் பின்கொட்டிலில் தானே பலகை சீவி இழுத்துத் திறக்கும் லாச்சிகள் வைத்து ஓர் அலுமாரி செய்தார். அலுமாரியின் முதுகுக்கு மட்டும் துறைமுகத்தில் கழித்துவிட்ட தேயிலைப் பெட்டிப் பலகை. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் லாச்சிகள் இம்மியும் இடைவெளியில்லாத பொருத்தம். மேல் லாச்சியை மூடினால், உள்ளே அடைபட்ட காற்று கீழ் லாச்சியை வெளியே தள்ளும். அந்த வேடிக்கையைப் பார்க்க மூதூரிலிருந்தும் உறவினர் வந்தார்கள்.

மாரி தொடங்கியது. தம்பியின் கலியாணத்துக்கு முதல்நாள், கூறைச்சேலையும் தாலிக்கொடியும் வைத்த கீழ் லாச்சியை இழுத்தேன். கைப்பிடிதான் கழன்று வந்தது. ஈரத்தில் பலகை ஊதி இறுகிவிட்டது.

"கோடாலியாலை பிளக்கிறன்" என்றார் கணவர்.

"கூறையையும் சேர்த்தோ? முதுகுப் பலகையைக் கழட்டுங்கோ!"

"அது வடிவில்லையெண்டு ஏசினனீயெல்லோ?"

"ஓம், ஏசினனான்தான். இப்ப கழட்டுங்கோ!"

சின்ன ஆணிகள் சுலபமாகக் கழன்றன. பின்னாலிருந்து அவர் ஓங்கி உதைக்க, லாச்சி என் மடியில் வந்து விழுந்தது. கூறையில் தேயிலை மணந்தது.

இப்போதெல்லாம் அவர், பலகை ஊதியிருக்கும் மாரியில்தான் லாச்சி பொருத்துகிறார். "இனி இறுகாது" என்கிறார். நானும் தலையாட்டுகிறேன். ஆனால் முதல் மழை விழுந்ததும், என் நல்ல சேலைகள் சத்தமில்லாமல் பழைய தகர றங்குப் பெட்டிக்குப் போய்விடும்.