சிவப்புக் கதிரையும் ரயில் போகும் நேரமும்

எங்கள் பல்கனியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரை இன்னும் கிடக்கிறது. உப்புக்காற்றில் நிறம் வெளிறி, முதுகுப்பக்கம் வெடித்துவிட்டது. 'எங்கள்' என்று சொல்லியே பழகிவிட்டேன். இப்போது இந்த அறையில் நான் மட்டும்தான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முடிவில், மாடியில் இருக்கிறது. கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அந்தக் கதிரையில் இருப்பவள் புத்தகத்தைத் தொடக்கூடாது, கேட்க மட்டும் வேண்டும். அது என் அறைத்தோழி போட்ட சட்டம்.

இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கொள்ளுப்பிட்டியில் ஒரே கந்தோர், படித்ததும் ஒரே கணக்காளர் பரீட்சைக்கு. நான் படிப்பதைப் பார்த்தால் எவரும் மெச்சுவார்கள். ஆங்கிலப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக மஞ்சள் பேனையால் கோடு கீறுவேன், கீறியதைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். கேள்வித்தாளைக் கண்டதும் எல்லாம் பறந்துவிடும். இரண்டாம் முறையும் பெயில் என்று வந்த அன்று நான் அழுதுகொண்டிருக்க, அவள் என் பேனையைப் பிடுங்கி மேசை லாச்சிக்குள் போட்டாள்.

"வாசிச்சது காணும். மூடிப்போட்டு எனக்குச் சொல்லும். தமிழில சொல்லும். அப்பதான் உமக்கு விளங்கினதோ இல்லையோ எண்டு தெரியும்."

கந்தோரால் வந்து முகம் கழுவி, பிளேன்டீயும் கையுமாகப் பல்கனிக்கு வருவோம். ஒருத்தி பாடத்தைச் சொல்ல, மற்றவள் சிவப்புக் கதிரையில் இருந்து "ஏன்?" என்று மட்டும் கேட்பாள். பதில் தடக்கினால்தான் புத்தகத்தைத் திறக்கலாம். முதலில் அன்றைய பாடம், பிறகு நேற்றையது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பாடங்கள் எல்லாவற்றையும் கலந்து கேட்போம். மிஞ்சிய கறிகளை ஒரே சட்டியில் போட்டு வற்றக் காய்ச்சுகிற எங்கள் ஊர்ச் சுண்டக்கறியின் பெயரையே அவள் அதற்கும் வைத்திருந்தாள். "போன மாசக் கறி பழுதாப்போச்சோ எண்டு பாப்பம்" என்று வம்புக்கு இழுப்பாள்.

ரயில் போகும்போது அந்தப் பல்கனியில் ஒன்றும் கேட்காது. சொல்லிக்கொண்டிருப்பவள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். "எங்க விட்டனான்?" என்று கேட்டவள் தோற்றாள், அன்று கோப்பை கழுவுவது அவள் வேலை. ஆரம்பத்தில் தினமும் கழுவியது நான்தான். மெல்ல மெல்ல அந்த வேலை அவளுக்கும் வரத் தொடங்கியது. பாடங்களும் ஒவ்வொன்றாகப் பாஸாகின. கடைசியில் எங்கள் இருவருக்கும் கணக்காய்வு ஒன்றுதான் மிச்சம்.

அதை எழுதாமலே அவள் கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய்விட்டாள். நல்ல மாப்பிள்ளை. நான்தான் கூட நின்று சூட்கேஸ் அடுக்கிக் கொடுத்தேன். பிறகு வெறும் கதிரைக்குப் பாடம் சொல்லிப் பார்த்தேன். கதிரை "ஏன்?" என்று கேட்காது. நானே கேட்டு நானே சொன்னால் எனக்குத் தெரிந்ததை மட்டும் கேட்கிறேன். என் குரலைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஒருநாள் லாச்சியைத் திறந்து மஞ்சள் பேனையை எடுத்தேன். அந்த முறை கணக்காய்வில் பெயில்.

போனில் கதைக்கும்போது பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் மறந்துபோச்சு. இஞ்ச ஆர் அதைக் கேக்கினம்?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படித்ததை நிலைக்கப் பண்ணும் வழியை எனக்குக் காட்டியவள் அவள். அவளுக்கே மறந்துபோனது என்றால் அந்தப் பின்னேரங்கள் எல்லாம் எங்கே போயின? அதற்குப் பிறகு நான் பாடத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

போன கிழமை பின்னேரம், இந்த முறை பரீட்சைக்கு விண்ணப்பிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டு அவளுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம். அவர் வேலைக்குப் போய்விட்டார், பிள்ளை நித்திரை, வெளியே பனி என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள், "உண்மையாச் சொல்லப்போனா, இருந்து கதைக்கிறதுக்கு இஞ்ச எனக்கெண்டு—" என்றாள்.

கீழே ரயில் வந்தது. பல்கனி அதிர்ந்தது. போன் வழியாக அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். கடைசிப் பெட்டியும் தெகிவளைப் பக்கம் போய், சத்தம் முழுக்க அடங்கி, கடல் கேட்கத் தொடங்கியது.

"—ஒருத்தரும் இல்லை" என்றாள்.

எங்கே விட்டேன் என்று அவள் கேட்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டுச் சிவப்புக் கதிரையில் சாய்த்து வைத்தேன். புத்தகம் எடுக்காமலே கணக்காய்வின் முதல் பாடத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். இரண்டு வசனம்தான் சொல்லியிருப்பேன்.

"ஏன்?" என்றது கதிரை.